ஐந்தாவது லாவெண்டர்

ஊற்றக் கூடாது. ஊற்றவே கூடாது கோகிலாமணி, கையை அடக்கு. மக் நிறையத் தண்ணீர் இருக்கிறது, மொட்டை மாடியில் என்னைத் தவிர ஆள் இல்லை, செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது, ஒரு சாய்ப்புச் சாய்த்தால் மனசு ஆறிவிடும், இருந்தாலும் ஊற்றக் கூடாது. நேற்றுப் பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்தபோது கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருந்தது, கண்பிரமை என்று நினைத்துப் படியிறங்கிவிட்டேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, காலை ஏழேகால் மணி, வெயில் இன்னும் தண்ணீர்த் தொட்டியின் நிழலைத் தாண்டி வரவில்லை, மருதமலைப் பக்கமிருந்து காற்று சிலுசிலுவென்று அடிக்கிறது, இந்த நேரத்தில் எந்தச் செடிக்கும் தாகம் எடுக்காது. மத்தியானம் தொங்கினால் தாகம், காலையிலேயே தொங்கினால் வேரில் வினை. கோத்தகிரி நர்சரிக்காரம்மா சொன்னது இதுதான். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள், "தாகத்துல வாடுனாலும் இப்படித்தானுங்க வாடும், தண்ணி மிஞ்சி வாடுனாலும் இப்படித்தான் வாடும். பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மண்ண மோந்து பாருங்க, புளிச்ச வாடை அடிச்சா வேர் போச்சுன்னு வெச்சுக்கோங்க." மண்ணை மோந்து பார்க்க வேண்டுமாம். யாரிடம் சொல்கிறாள் பார். எனக்கு மூக்கு இருக்கிறது, மோப்பம் இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள், கல்யாண வீட்டில் விதவையைப் பார்க்கிற பார்வை, எனக்கு அதைக் கண்டால் ஆகாது. சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டுச் செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. ஒரு காய்ச்சல். வீட்டில் இருப்பது நாங்கள் ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும்தான் வந்தது, ரெண்டு பேருக்கும்தான் மோப்பம் போனது. அவருக்குப் பத்தே நாள். பதினோராம் நாள் காலையில் காப்பி டம்ளரை மூக்கடியில் வைத்துக்கொண்டு, "அம்மணி, வந்துருச்சு!" என்று கத்தினார் மனுஷன். பட்டறையில் முப்பது வருஷம் இரும்பு உருக்கினவர், ஒரு காப்பி வாசத்துக்கு அப்படிக் கத்தினார். நானும் டம்ளரை வாங்கி மோந்தேன். சூடு வந்தது, ஆவி வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று சிரித்தேன். அந்த நாளைக்குத்தான் இன்னும் வரவில்லை. இருபது வருஷம் இந்த வடவள்ளி முச்சூடும் மசாலாப் பொடி அரைத்துக் கொடுத்தவள் நான். மல்லி வறுபடும்போது ஒரு நேரம் இருக்கிறது, பச்சை வாசம் போய்விடும், கருகல் வாசம் இன்னும் வந்திருக்காது, நடுவில் ஒரு மூச்சு நேரம். அது கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. காய்ச்சலுக்கு அப்புறம் மூன்று தரம் வறுத்தேன், மூன்று தரமும் கரி. வாணலியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அதுகூடப் போகட்டும். போன ஐப்பசியில் அடுப்பைத் திருகிவிட்டுத் தீக்குச்சியைத் தேடிக்கொண்டு, என்னவோ ஞாபகத்தில் கீரை ஆய உட்கார்ந்துவிட்டேன். கடைக்குப் போயிருந்த அவர் வாசலிலேயே செருப்போடு ஓடிவந்து ஜன்னலைத் திறந்தார். வீடு பூரா கேஸ், நான் அதற்குள் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம், யார் அடுப்பைப் பற்றவைத்தாலும் "பத்த வெச்சாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அணைத்தால் "அணச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பயம் என்ன என்று அவர்களுக்கு எங்கே தெரியும், தினமும் படுக்கும்போது மூன்று தரம் எழுந்துபோய்க் குமிழைத் தடவிப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

அதுவும் போகட்டும் என்று சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. போன வருஷம் தை மாசம் மகள் தாரணி ஈரோட்டிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள், ஐம்பது நாள் குழந்தை. எல்லாரும் பார்க்கிறார்கள், நான் குனிந்து உச்சியை மோந்தேன். தாரணி குழந்தையாக இருந்தபோது அவள் உச்சியில் ஒரு வாசம் இருந்தது, இருபத்தெட்டு வருஷம் கழித்தும் அதை என்னால் சொல்லிவிட முடியும், பாலும் வசம்பும் வெயிலில் காய்ந்த துணியும் கலந்த மாதிரி. இந்தக் குழந்தையின் தலையில் முடி இருந்தது, சூடு இருந்தது, துடிப்பு இருந்தது. வாசம் மட்டும் இல்லை, சுவரை மோந்த மாதிரி இருந்தது. "தாரணியாட்டமே மணக்குது" என்று பொய் சொன்னேன். அவள் நம்பினாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த மூக்கை நான் விடப்போவதில்லை. டாக்டர் என்ன சொன்னால் என்ன. ஒரு வருஷம் ஆகப்போகிறது, வந்தால் வரும், எதிர்பார்க்காதீங்க, தினமும் ரெண்டு வேளை நாலு பொருளை மோந்துகொண்டே இருங்க, மூளைக்கு ஞாபகப்படுத்துங்க என்றார். ஞாபகப்படுத்துவது. அதில்தான் வந்தது வினை. கிராம்பை மூக்கில் வைத்தால் கிராம்பு வாசம் வருகிற மாதிரியே இருக்கும், எலுமிச்சம்பழம் வைத்தால் எலுமிச்சை மாதிரியே இருக்கும், ஆனால் அது மூக்கா, இல்லை ஐம்பத்தாறு வருஷ நினைப்பா? ஒருநாள் நான் கண்ணை மூடிக்கொண்டு, அவரை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டச் சொன்னேன். கிராம்பை எலுமிச்சை என்றேன், எலுமிச்சையைக் காப்பி என்றேன், வெறுங்கையை நீட்டியதற்குக் கிராம்பு என்றேன். நினைப்பு என்னை ஏமாற்றுகிறது, ஆசை காட்டி ஏமாற்றுகிறது. அப்போதுதான் யோசனை வந்தது, நான் ஜன்மத்தில் மோந்தே பார்க்காத ஒரு வாசம் வேண்டும். ஞாபகத்தில் இல்லாததை ஞாபகம் எப்படித் திருடிக் கொடுக்கும்? அப்படி ஒன்று வந்தால் அது மூக்கு. முழுக்க மூக்கு. லாவெண்டர் படத்தைச் சோப்பு டப்பாவில் பார்த்திருக்கிறேன், வாங்கியதில்லை. நம் வீட்டில் சந்தனம், மல்லிகை, மஞ்சள், அவ்வளவுதான். சீமைச் செடி, சீமை வாசம், எனக்கும் அதற்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. அதனாலேயே அதுதான் வேண்டும் என்று நின்றேன்.

நின்றதற்கு நாலு செடி செத்தது. முதல் செடிக்குச் செம்மண்ணும் மாட்டெருவும் போட்டுப் பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன், பதினெட்டே நாள். ரெண்டாவதற்கு அரிசி கழுவின தண்ணீர். கறிவேப்பிலை அதில்தானே காடாக வளர்கிறது, இதற்கு மட்டும் என்ன கொள்ளை என்று ஊற்றினேன், கொள்ளைதான் போயிற்று. மூன்றாவதை ஐப்பசி அடைமழை கொண்டுபோனது. நாலாவதை மழைக்குப் பயந்து பாலித்தீனால் மூடிவைத்தேன், இட்லிக் கொப்பரைக்குள் வைத்த மாதிரி வெந்துவிட்டது. அவர் ஒவ்வொரு தரமும் "விட்டுத் தள்ளு அம்மணி, நம்மூரு சீதோஷ்ணத்துக்கு ஆகாது" என்பார், நான் அடுத்த தொட்டியைக் கழுவுவேன். ஐந்தாவதுதான் இது. நர்சரிக்காரம்மா சொன்னபடி பாதிக்குப் பாதி மணல், உடைத்த செங்கல், முட்டையோட்டுப் பொடி, துளியூண்டு சுண்ணாம்பு, கீழே பெரிய ஓட்டை போட்ட மண்தொட்டி, மேலே வெள்ளைச் சல்லி. "பட்டினி போடுங்க, இது பட்டினி கெடந்தாத்தான் மணக்கும்" என்றாள். தமிழச்சி கையில் கொடுத்து ஒரு உயிரைப் பட்டினி போடச் சொல்கிறாள் பார். எட்டு நாளைக்கு ஒரு தரம் என்று காலண்டரில் வட்டம் போட்டுவைத்து ஊற்றினேன், நடுவில் கை துறுதுறுக்கும்போதெல்லாம் செம்பருத்திக்கு ஊற்றி ஆசையைத் தீர்த்துக்கொண்டேன். ஆடியில் நன்றாகத் தழைத்தது, சாம்பல் பூத்த இலையெல்லாம் பச்சையாகித் தளதளவென்று வந்தது, நானும் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தால் அந்தத் தளதளப்பே சரியில்லை. பட்டினி கிடக்கிறவன் எங்காவது கன்னம் உப்புவானா?

சரி, மோக்க முடியாது. மோக்க முடியாவிட்டால் வேறு வழியே இல்லையா? இட்லி வெந்ததா என்று மோந்தா பார்க்கிறோம். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவித் தொட்டிக்குள் செருகுகிறேன். கடைசியாகத் தண்ணீர் விட்டது போன சனிக்கிழமை, இன்றோடு ஆறு நாள், குச்சி உலர்ந்து வந்தால் தாகம், ஊற்றிவிடலாம், மக்கோடு ஊற்றிவிடலாம். முருகா, உலர்ந்து வரட்டும். இழுக்கிறேன். முக்கால் சாண் நீளத்துக்குச் சேறு. விரலில் தேய்த்துப் பார்க்கிறேன், சேறேதான். ஆறு நாளாகத் தண்ணீர் காணாத மணலில் சேறு எப்படி வரும்? மழை இல்லை, தூறல்தான், அது சல்லியைக்கூட நனைக்கவில்லை. அப்படியானால் யாரோ ஊற்றுகிறார்கள். யாரோ வந்து என் செடியைக் கொல்கிறார்கள். கீழ் வீட்டுக்காரி துணி காயப்போட வருவாள், அவளாக இருக்குமோ, பாவம் செடி வாடுதே என்று ஊற்றியிருப்பாளோ? நம் ஊரில் இதுதான் வியாதி, வாடினதைப் பார்த்துவிட்டால் யாராலும் சும்மா போக முடியாது, நானே மக்கோடு நிற்கவில்லையா. கண்ணாடியைக் கீழேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. மண்டிபோட்டுக் குனிந்து சல்லியை விலக்குகிறேன். சிவப்பாக என்னவோ ஒட்டியிருக்கிறது. இதழ். அரளி இதழ், செவ்வரளி. காய்ந்து சுருண்டது ஒன்று, அழுகினது ஒன்று, அதற்கடியில் இன்னும் ரெண்டு, ஓரத்தில் ஒன்று மட்டும் இன்றைக்குப் பறித்த மாதிரி வாடாமல் இருக்கிறது. நடுச் சல்லியில் ஒரு குழி, தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் விழுந்தால் விழுகிற குழி. கீழ் வீட்டுக்காரிக்கு அரளி ஏது? காற்று கொண்டுவந்ததா, காக்காய் போட்டதா? எதற்கு இந்தக் காற்றையும் காக்காயையும் இழுக்கிறேன், எனக்குத்தான் பார்த்தவுடனே தெரிந்துவிட்டதே. காலை ஆறரைக்கு இந்த மாடிக்கு வருகிறவர் ஒருத்தர்தான். குளித்து, ஈரத் துண்டோடு, செப்புச் சொம்பில் தண்ணீரும் அரளியும் எடுத்துக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று, சூரியனுக்குத் தண்ணீர் விடுகிறவர். என் வீட்டுக்காரர். நாச்சிமுத்து.

கோபம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே வந்தது. அந்தத் தண்ணீர் காலில் மிதிபடக் கூடாது என்று எப்போதும் செம்பருத்தித் தொட்டிக்குள்தான் விடுவார், அது அண்டாத் தண்ணீரையும் குடிக்கும். அதை விட்டுவிட்டு இதற்கு எதற்கு வந்தார்? ஒட்டிப் பிறந்த மாதிரி கூடவே இருக்கிறவர், தண்ணீர் ஆகாது ஆகாது என்று நான் நாலு செடிக்கும் அடித்துக்கொண்டதைக் கேட்டவர். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. வரட்டும். எழுந்து நிற்கக்கூட இல்லை, மண்டிபோட்டபடியே இருக்கிறேன்.

"அம்மணி, காப்பிக்கு அடுப்பு பத்த வெச்சாச்சு. பால் பொங்கறதுக்குள்ள வா."

"ஏனுங்க, இதுக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"நான் எதுக்கு ஊத்தறேன்? நீதான் ஊத்தக் கூடாதுன்னியே."

"அப்ப இந்த அரளி எப்படி வந்துச்சு?"

அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறார், மருதமலையைப் பார்க்கிறார், என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறார். "அது ஊத்தறது இல்ல அம்மணி. சூரியனுக்கு விடறது."

"அத எப்பவும் செம்பருத்திக்குத்தான விடுவீங்க?"

"செம்பருத்திமேல விட்டு என்ன வேண்டறது? இதுதான உன்ற மூக்குக்குன்னு வெச்ச செடி. அதான் இதுமேல விட்டு வேண்டிக்கிட்டேன்." ஈரத் துண்டின் நுனியைப் பிழிந்துகொண்டார். "ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளுன்னு ஆரம்பிச்சேன். ஆடி ஒண்ணாந் தேதியிலிருந்து. ஒரு நாளும் விட்டுப்போகல."

"இன்னைக்கு எத்தனாவது நாளுங்க?"

"நாப்பத்தொண்ணு."

நாற்பத்தொரு சொம்பு. நாற்பத்தொரு நாளும் குளிரில் குளித்து, பல் கிட்டிக்க, இந்தத் தொட்டிமேல் நின்று என் மூக்குக்காகக் கண்ணை மூடியிருக்கிறார். வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. செடி தொங்கினதை அவரும் பார்த்திருப்பார், வாடுகிறதே என்று இன்றைக்குச் சொம்பை நிறைத்தே விட்டிருப்பார். இந்த மனுஷனை நான் என்ன செய்வது? திட்ட மனசு வரவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்லாவிட்டால் ஏழு நாள் பாக்கியையும் சேர்த்து விட்டுவிடுவார். "செடி செத்துருச்சுங்க. தண்ணியிலதான் செத்துச்சு" என்றேன். அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, தொட்டியைப் படுக்கப்போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். "வெள்ளிக்கெழமையதுமா பச்சச் செடியப் புடுங்காத அம்மணி" என்றார், அதட்டலாக இல்லை, கெஞ்சலாக. பிடுங்கினால்தான் மிச்சம் பிழைக்கும், சனிக்கிழமை வரைக்கும் அழுகல் காத்துக்கொண்டிருக்குமா? தண்டு வரைக்கும் ஏறிவிட்டதா, இல்லையா, அது தெரிய வேண்டும். வேர் நுனி வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது, கறுத்திருந்தால் கொழுந்தை ஒடித்துப் பதியன் போட வேண்டியதுதான். மண்கட்டி அப்படியே வழுகி வந்தது. வெள்ளையா கறுப்பா, வெள்ளையா கறுப்பா, இதே நினைப்புதான், வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை, முருகன் அறிய இல்லை. கண்ணாடி இல்லாததால் வேரைக் கொத்தாகப் பிடித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

ஏன் இழுத்தேன்?

முள் குத்தவில்லை. பூச்சி இல்லை. வேர் கறுத்திருந்தது, ஆனால் கறுப்பைப் பார்த்து யார் தலையை இழுப்பார்கள்? நான் இழுக்கவில்லை, கழுத்து தானாகத் திரும்பியது, எனக்கு முன்னால் என் உடம்புக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. ஏமாறாதே கோகிலாமணி, வெறுங்கையை மோந்து கிராம்பு என்றவள் நீ. மறுபடி கொண்டுபோகிறேன், மெதுவாக. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இருக்கிறது. மெல்லிசாக, எங்கேயோ சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி, கழுவாமல் போட்டுவைத்த மாவுப் பாத்திரம், மழையில் ஊறின சாக்கு, சாக்கடை. போய்விட்டது. மூச்சை விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன், மறுபடி வந்தது. எழுந்து அந்த வேரைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாருங்க. இது நாறுதுங்களா?"

"த்தூ! பொணமாட்ட நாறுது, அக்கட்டால தூக்கிப் போடு..." என்று மூக்கைப் பொத்தினவர், பொத்தின கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார். "அதெப்படி உனக்கு..."

அழுதேன். ஐம்பத்தாறு வயசில் ஒரு அழுகல் வேரைக் கையில் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று சத்தமாக அழுதேன், அவர் ஈரத் துண்டோடு என்ன செய்வதென்று தெரியாமல் என் முதுகில் தட்டிக்கொண்டே, "நாறுது அம்மணி, நல்லா நாறுது, சத்தியமா நாறுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கீழே பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கும், கேஸ் வந்துகொண்டிருக்கும், அதுதான் முதலில் என் புத்திக்கு உறைத்தது, "அடுப்பு, அடுப்பு" என்று அவரை விரட்டினேன். அவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். "அணச்சாச்சு!" என்ற சத்தம் மேலே வந்து சேர்ந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். கிழக்குப் பக்கத்துக் கிளை ரெண்டு மட்டும் இன்னும் விறைப்பாக இருந்தது, அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஏழு கொழுந்து ஒடித்தேன், அடி இலையை உருவினேன், சோற்றுக் கற்றாழைச் சாற்றில் தோய்த்து ஈர மணலில் குத்தித் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தேன். வேர் பிடிக்க ஆறு வாரம் ஆகும். ஏழில் ஒன்று பிழைத்தால் போதும். உருவின இலையைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன், லாவெண்டர் வரவில்லை. ஒரு பொட்டுக்கூட வரவில்லை. பரவாயில்லை. கெட்டது முதலில் வந்திருக்கிறது, நல்லது பின்னால் வரட்டும், வராமல் எங்கே போகும், நான் இங்கேதான் இருக்கிறேன்.

அவர் மறுபடி படியேறி வந்து, செத்த செடி கிடந்த இடத்தைப் பார்க்காமல் நின்றார்.

"பாக்கி ஏழு நாளை விட்றாதீங்க" என்றேன். "ஆனா செம்பருத்திமேல விடுங்க. அங்கிருந்து சொன்னாலும் சூரியனுக்குக் கேக்கும்."

சிரித்தாரா, கண்ணைத் துடைத்தாரா, கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியவில்லை. "சரி, கையக் கழுவீட்டு வா அம்மணி. வெள்ளிக்கெழமை, சாமி வெளக்கு ஏத்தோணும்."

"வெளக்க இன்னைக்கு நீங்க ஏத்துங்க" என்றேன்.

மக்கில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. அதைத் தொடவில்லை. சேறு காயாத கையை மூக்கடியில் வைத்துக்கொண்டு படியிறங்குகிறேன். இன்னும் இருக்கிறது. மூன்றாவது படி, நாலாவது படி, இன்னும் இருக்கிறது.